ஏழு நாய்களும் ஒரு சர்டிபிகேட்டும்

ஏழு பேர், ஆளுக்கொரு நாயோடு காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பினார்கள். சக வருஷம் 1055. நம் காலண்டர்படி ஏறக்குறைய 1133.

விஷயம் பெண் விஷயம்தான். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் கரைக்காட்டு வேளாளர்களிடம் வந்து பெண் கேட்டிருக்கிறார்கள். 'உங்களுக்கா? எங்க பொண்ணா?' என்று இவர்கள் எகத்தாளமாகச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்த வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கத்தான் இந்த ஏழு பேர். கிளம்பும்போது மனைவிகளைக் கூப்பிட்டு, "நாய்ங்க மட்டும் தனியா திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வெச்சுக்குங்க. காரியத்தை முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வழியில் பாலாறு. பாலாற்றில் வெள்ளம். (சிரிக்காதீர்கள். 2021 நவம்பரில் கூட வந்தது.) ஏழு பேரும் எப்படியோ நீந்திக் கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு வரை வந்து, யோசித்து, திரும்பிக் காஞ்சிபுரத்துக்கே போய்விட்டன. ஏழு பேரில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்து 'ஐயய்யோ, நாய் போகுதே' என்று பதறியதாகத் தெரியவில்லை. வீரர்களுக்கு அட்மினிஸ்ட்ரேஷன் வராது.

கங்குந்தி போய் வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினார்கள். (தூக்கிக்கொண்டு போன பெண்கள் என்ன ஆனார்கள் என்பதில் கதைக்கு அக்கறை இல்லை. கதைகளுக்கு அது வழக்கம்.) வந்து பார்த்தால், வீட்டில் மனைவி விதவைக் கோலத்தில். கருமாதி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போயாச்சு. 'நான்தாண்டி, உயிரோட வந்திருக்கேன்' என்றால் யார் கேட்பது? சடங்கு முடிந்தது முடிந்ததுதான். செத்தவனுக்கு ஊரில் இடம் கிடையாது. ஜாதியை விட்டும் தள்ளிவிட்டார்கள். ஏழு பேரும் வேடர் வீட்டுப் பெண்களையே கல்யாணம் செய்துகொண்டு, ஜவ்வாது மலைமேல் ஏறி, காடு திருத்தி விவசாயம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்குகிற பெரியவர் இருந்தால் இந்தக் கதை உடனே புரியும். நவம்பர் வந்தால் போதும், 'சார், நான் உயிரோட இருக்கேன்' என்று நிரூபித்தாக வேண்டும். 2014-லிருந்து கைரேகை வைத்து கம்ப்யூட்டரிலேயே செய்யலாம் என்று வசதி வந்தது. எழுபத்தஞ்சு வயசு விரலில் ரேகை எங்கே இருக்கிறது? தேய்த்துத் தேய்த்து வைத்தாலும் மெஷின் 'நீ இல்லை' என்கிறது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நாய். நமக்கு மெஷின்.

கதையை நான் இட்டுக்கட்டவில்லை. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு பாகம் போட்டாரே, அதில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் இன்றைக்கும் வாழ்கிற மலையாளிப் பழங்குடிகளின் பூர்வீகக் கதை இது.

மலையாளி என்றதும் என் நண்பன் ஒருவன், ஆடிட்டர் ஆபீஸில் வேலை, "ஜவ்வாது மலையில மலையாளிகளா? அப்ப டீ நல்லா இருக்குமே!" என்றான். கேரளா இல்லை சாமி. மலையை ஆள்கிறவர், மலையாளி. பேசுவது சுத்தமான தமிழ். டீ சுமார்தான்.

*

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு சமூக அறிவியல் வாத்தியார். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் சந்தித்தேன். மலையில் ஏதோ ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை. பேர், ஊர் வேண்டாம் என்றார். "ஆய்வுக்கு வந்து 'கதை சொல்றதுக்கா சம்பளம்'னு கேப்பாங்க சார்."

அவர் ஒவ்வொரு வருஷமும் குடிமையியல் பாடத்தை இந்தக் கதையில்தான் ஆரம்பிக்கிறாராம். புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஏழு பேரையும் ஏழு நாய்களையும் பாலாற்றில் இறக்கி, பசங்களை உட்கார வைத்துவிடுவார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "உயிரோட திரும்பி வந்த அந்த ஏழு பேரும் அந்த ஊர்க் குடிமக்களா, இல்லையா? யார் முடிவு பண்றது?"

பசங்க விதவிதமாகச் சொல்வார்களாம். மனைவி முடிவு பண்ணணும். ஊர்ப் பெரியவர் முடிவு பண்ணணும். ராஜாகிட்ட போகணும். ஒரு வருஷம் ஒரு பொடியன் எழுந்து, "யார் வேணா முடிவு பண்ணட்டும் சார். நாய் முடிவு பண்ணக் கூடாது" என்றானாம்.

எனக்கு அந்தப் பொடியனை ரொம்பப் பிடித்துவிட்டது. அரசியல் சட்டம் எத்தனை ஷரத்து வைத்துச் சொல்கிற சமாச்சாரம்!

(நாய்கள் சார்பாக ஒரு வார்த்தை. இதே மலையடிவாரத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டு. சண்டையில் விழுந்த எஜமானனுக்குப் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, எஜமானனைக் காத்து நின்றதாம். பேரோடு கல்வெட்டில் ஏறிய நாய். எல்லா நாயும் பாதி ஆற்றில் திரும்புகிறதில்லை.)

*

'குடிமகன்' என்றதும் உங்களில் சிலர் டாஸ்மாக் பக்கம் திரும்புவது தெரிகிறது. கொஞ்சம் இப்படிப் பாருங்கள்.

நமக்கு ஸ்கூலில் சிவிக்ஸ் என்றால் என்ன ஞாபகம் இருக்கிறது? பரீட்சையில் கடைசிக் கேள்வி. 'அடிப்படைக் கடமைகள் யாவை?' 1976-ல் சேர்த்தபோது பத்து, 2002-ல் ஒன்று கூட்டிப் பதினொன்று. எட்டு எழுதினால் பாஸ். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார், ராஜ்யசபாவுக்கு எத்தனை பேர், பஞ்சாயத்துக்கு எத்தனை அடுக்கு... எல்லாம் டெல்லியில் ஆரம்பித்து, பஸ் பிடித்து, சென்னை வந்து, போளூர் வந்து, கொண்டை ஊசி வளைவு ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக மலைக்கு வந்து சேரும். மலைப் பையனுக்குக் குடியுரிமை என்பது கீழேயிருந்து வருகிற சரக்கு. மண்ணெண்ணெய் மாதிரி. வந்தால் உண்டு.

இந்தப் பாடத்தின் ஜாதகமே கொஞ்சம் கோளாறு. 2005-ல் தேசியக் கலைத்திட்டம் தயாரித்தபோது என்.சி.இ.ஆர்.டி. நிபுணர்களே இதை எடுத்துச் சொன்னார்கள். சிவிக்ஸ் என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பாடம். இந்தியர்களுக்கு ராஜவிசுவாசம் குறைந்துகொண்டே போன சமயத்தில், கீழ்ப்படிதலையும் விசுவாசத்தையும் ஊட்டுவதற்காக வந்தது. அதனால் அந்தப் பெயரையே விட்டுவிட்டு அரசியல் அறிவியல் என்று மாற்றலாம் என்றார்கள். டெல்லிப் புத்தகங்கள் பேர் மாறின. நாம் குடிமையியல் என்றே வைத்துக்கொண்டோம். பேரில் ஒன்றுமில்லை, குடிமை நல்ல தமிழ் வார்த்தைதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று பிரித்துவிடுகிற வியாதி உண்டு. பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. முதல் வருஷப் பாடம். நான் படித்த சிவிக்ஸ் புத்தகத்தில் பழங்குடி என்ற கணக்கைத் திறந்தால் முழுக்கப் பற்றுதான். உதவித்தொகை பெறுபவர். இட ஒதுக்கீடு பெறுபவர். நலத்திட்டம் பெறுபவர். வலது பக்கம் வெள்ளைத் தாள். இந்த மனுஷங்களிடமிருந்து நாம் வாங்கியது ஒன்றுகூட இல்லையா? இப்படி ஒரு லெட்ஜரை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்த வலது பக்கத்தை நாட்டுக்கே வாசித்துக் காட்டிய ஒருவர் இருந்தார். ஹாக்கிக்காரர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் இந்தியா முதல் தங்கம் வாங்கிய டீமின் கேப்டன், ஜெய்பால் சிங் முண்டா. ராஞ்சி பக்கத்து முண்டா பழங்குடி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின்மேல் பேச எழுந்தார். பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தை நீங்கள் கற்றுக்கொடுக்க முடியாது, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும், உலகத்திலேயே ரொம்ப ஜனநாயகமானவர்கள் அவர்கள்தான் என்கிற அர்த்தத்தில் நேருக்கு நேர் சொன்னார். சபையில் இருந்தவர்கள் பெரிய பெரிய வக்கீல்கள். நாம் துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்கிற கதாகாலட்சேபம் இல்லை, சரியான பெனால்டி ஸ்ட்ரோக். ஆனால் தியான்சந்தைத் தெரிந்த அளவுக்கு நமக்கு அந்த கேப்டனைத் தெரியாது.

*

சரி, ஜவ்வாது மலையில் அப்படி என்னதான் ஜனநாயகம்?

வாத்தியார் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாராம். 'உங்க ஊர்ச் சட்டம் என்னென்ன, வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதிட்டு வாங்க.' நோட்டுகளை எனக்குக் காட்டினார். எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தாவிட்டால் அருமையான அரசியல் சட்டம்.

சாமி மரத்தில் அருவாள் வைக்கக் கூடாது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சோறு போடணும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசினா தப்பு. (இதை அப்படியே சட்டசபைக்கு அனுப்பலாம் என்றேன். "தபால் செலவு யார் கொடுக்கறது?" என்றார்.) விதைச் சாமை இல்லாதவன் கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது. தேன் எடுக்கும்போது முழுசா எடுக்கக் கூடாது.

ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர். பல ஊர் சேர்ந்தால் நாடு, அதற்கு நாட்டார். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று திருப்பத்தூர் பக்கம் இன்றைக்கும் பேரே அப்படித்தான். பஞ்சாயத்துராஜ் சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் ஓடிய அமைப்பு. "ஓட்டெடுப்பு கிடையாது சார். எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் பேச்சுதான். ஒருத்தன் முறைச்சுக்கிட்டுப் போனா, அவன் வீட்டுக்கு ஆள் போயிக் கூட்டிட்டு வரும். ஆகிற நேரம் ஆகட்டும். 51-49ன்னு ஜெயிச்சிட்டு மறுநாள் அதே ஓடையில எப்படித் தண்ணி எடுக்கறது?"

கல்யாணம் ஆகாத வாசகர்களுக்கு ஒரு தகவல். மலையாளிகளில் வரதட்சணை கிடையாது, பரியம். மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். பைக்கும் பீரோவும் கட்டிலும் கனவு காண்கிறவர்கள் மலை ஏற வேண்டாம்.

விருந்தோம்பல் வேறு. செங்கத்தை ஆண்ட நன்னன் மேல் பாடிய மலைபடுகடாம், 583 அடி. பரிசு வாங்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. மலையூர்க்காரன் வீட்டுக்கு முன்பின் தெரியாதவன் போனாலும் சொந்தக்காரன் மாதிரி நுழையலாம், சாப்பாடு நிச்சயம் என்று உத்தரவாதம் கொடுக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இந்தப் பக்கத்து மலைகளுக்கு எழுதிய ஹோட்டல் ரிவ்யூ. 'அந்நியன்' என்ற வார்த்தைக்கு அங்கே வேலையே இல்லை. குடியுரிமைப் பாடத்தில் முதல் அத்தியாயமாக வைக்க வேறென்ன வேண்டும்?

எல்லாமே தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மலைமேல் சின்ன வயசுக் கல்யாணம் இன்னும் பெரிய தலைவலி. பத்தாவது படிக்க வேண்டிய பெண் கழுத்தில் தாலியோடு சுள்ளி பொறுக்குகிறாள். 2006-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது ஊர்க்கூட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. பழசு எல்லாம் பொக்கிஷம் என்று பாட்டு பாடுகிறவர்களுக்கும், பழசு எல்லாம் குப்பை என்று மூக்கைப் பொத்துகிறவர்களுக்கும் ஒரே ஒரு வசதி: ரெண்டு பேருமே அந்த நோட்டுகளைப் படிக்க வேண்டியதில்லை.

நோட்டிலேயே ஒரு பெண் குழந்தை கடைசி வரியில் எழுதியிருந்தது: 'எங்க ஊர்க்கூட்டத்தில் அம்மா பேச மாட்டாங்க. புத்தகத்தில் கிராம சபையில் அம்மாவும் பேசலாம்னு இருக்கு. எது சரி?'

வாத்தியார் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார். பதில் எழுதவில்லை.

*

வீட்டுப்பாடத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. 'காடு யாருடையது?'

இதற்குப் பசங்க பதில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. காடு சாமியோடது, நாம அதுல இருக்கோம். இல்லையென்றால், காடு எல்லாருக்கும். 'என்னுடையது' என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. 'சர்க்காருடையது' என்று எழுதியவன் ஒரே ஒருவன். அவன் அப்பா வனத்துறையில் தினக்கூலி.

சட்டப்படி பார்த்தால் அந்த ஒருவன்தான் சரி. 1882 வனச் சட்டம் வந்த பிறகு, கோடு போட்டுக் கல் நட்டு ரிசர்வ் காடு என்றார்கள். தாத்தா சாமை விதைத்த இடத்தில் பேரன் விதைத்தால் ஆக்கிரமிப்பு. 2006-ல் பார்லிமென்ட் வன உரிமைச் சட்டம் கொண்டுவந்து, பழங்குடிகளுக்குச் சரித்திர ரீதியாக அநியாயம் நடந்துவிட்டது என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. சர்க்கார் தன் தப்பை எழுத்தில் கொடுப்பது அபூர்வம், ஃப்ரேம் போட்டு மாட்டலாம். 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலிருந்து அனுபவித்து வரும் நிலத்துக்கு, நாலு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். தேன், கடுக்காய், புளி மாதிரி சிறு வனப்பொருள்கள் மேல் உரிமை. முக்கியமான சங்கதி, மனுவை முதலில் விசாரிப்பது தாசில்தாரோ ரேஞ்சரோ இல்லை, கிராம சபை.

தமிழ்நாட்டில் இது நகர்ந்தது ஆமை வேகம். 2008-ல் ஹைகோர்ட் இடைக்கால உத்தரவு ஒன்று, பட்டா கொடுக்கும் கட்டத்தில் வந்து குறுக்கே நின்றது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் அந்தத் தடை விலகியது. அந்த எட்டு வருஷத்தில் ஒன்றாம் கிளாஸில் சேர்ந்த பையன் எட்டாவது முடித்துவிட்டான்.

கிராம சபை நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவில் நியமகிரி மலை இருக்கிறது. அங்கே பாக்சைட் வெட்டலாமா கூடாதா என்பதை மலைவாசிகளின் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் 'கூடாது' என்றன. டோங்ரியா கோந்த் மக்கள் அங்கே பேசியது லாப நஷ்டம் இல்லை. அந்த மலை எங்கள் நியமராஜா, சாமியை எப்படி விற்பது என்றார்கள். 'காடு சாமியோடது' என்று பொடியன் நோட்டில் எழுதியிருக்கிறானே, அதே வாக்கியம்தான் அங்கே கோர்ட்டு வரை போய் ஜெயித்தது.

நியூசிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே. வாங்கநூயி என்று ஒரு ஆறு. கரையில் இருக்கிற மாவோரிகள் 'நாங்களும் ஆறும் ஒண்ணு' என்று நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் வழக்காடி, 2017-ல் அந்த ஆற்றையே சட்டப்படி ஒரு 'நபர்' ஆக்கிவிட்டார்கள். ஆற்றின் சார்பில் பேச இரண்டு பிரதிநிதிகள். நம் பாலாற்றை அப்படி நபர் ஆக்கினால் அது முதல் வேலையாக யார் மேல் கேஸ் போடும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன். போடவும் போட்டார்கள். தோல் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கிய சங்கத்தின் பேர் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். சிட்டிசன்ஸ்! குடிமையியல் புத்தகத்துக்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை, செய்யாறு பிறக்கிற மலையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம்.

*

இதெல்லாம் வெறும் பாடத்திட்ட விவாதம் என்று தோன்றினால் ஒரு தேதி சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7.

அன்று விடிகாலை திருப்பதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கல்லையும் கோடாலியையும் வைத்துத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். மரம் வெட்டப் போனவனுக்குக் கிடைப்பது கூலி. துறைமுகம் தாண்டி விற்கிறவனுக்கு கோடி. சுடப்பட்டவர்களில் கோடிக்காரன் ஒருத்தனும் இல்லை.

கங்குந்தி எங்கே இருக்கிறது தெரியுமா? குப்பம் பக்கம். ஆந்திரா, சித்தூர் மாவட்டம். 2015-ல் சேஷாசலம் காடும் அதே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

'உங்க கிளாஸ்ல இந்தப் பாடம் நடத்துவீங்களா?' என்று வாத்தியாரைக் கேட்டேன். டீ கிளாஸை ரொம்ப நேரம் பார்த்தார். "நடத்தறதில்ல சார். ஆனா கைது பண்ணா இருபத்துநாலு மணி நேரத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும், வக்கீல் கேக்கலாம், இருபத்திரண்டாவது ஷரத்துன்னு ஒண்ணு இருக்கு. அதை மட்டும் பரீட்சைக்கு வருதோ இல்லியோ மனப்பாடம் பண்ண வெச்சிருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க."

அடுத்தது சர்டிபிகேட். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான். பட்டியலில் மலையாளி என்ற பேர் மாவட்டங்களோடு சேர்த்து இருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. வட ஆற்காடு என்று ஒரு மாவட்டம் இப்போது மேப்பில் கிடையாது. 1989-ல் பிரித்து, பேர் மாற்றி, 2019-ல் வேலூரை மறுபடி மூன்றாக்கி, ஜவ்வாது மலையே திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று கலெக்டர்களுக்குப் பங்கு ஆகிவிட்டது. பட்டியலில் மட்டும் பழைய மாவட்டம் சிரஞ்சீவியாக இருக்கிறது. மனுஷனுக்குக் கிடைக்காத சாகாவரம். ஈரோடு மாவட்டத்து மலைகளில் இருக்கிற இதே மக்கள் பட்டியலில் அந்த மாவட்டப் பேர் இல்லாததால் வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டு நின்றதுண்டு. மலை ஒன்றே, மனுஷன் ஒன்றே, மாவட்டம் வேறு!

வயித்தெரிச்சல் போதும். 2024 பிப்ரவரியில் ஜமுனாமரத்தூர் பக்கம் புலியூருக்கு மேளதாளத்தோடு ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். கல்யாணம் இல்லை. ஸ்ரீபதி, வயது 23, மலையாளிப் பழங்குடி, சிவில் நீதிபதித் தேர்வில் பாஸ். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் பிரசவம். பச்சை உடம்போடு சென்னைக்குக் காரில் போய் எழுதியிருக்கிறார். 'பஸ் ட்ராஃபிக், அதான் சார் லேட்' என்று பத்தரைக்கு ஆபீஸுக்குள் நுழைகிற நாம் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

"அந்தப் பொண்ணு ஜட்ஜ் ஆனதும் என் கிளாஸ்ல ஏழு நாய்க் கேள்விக்குப் பதில் மாறிப்போச்சு சார்" என்றார் வாத்தியார். 'யார் முடிவு பண்றது?' என்று அந்த வருஷம் கேட்டபோது பின் பெஞ்சிலிருந்து, 'புலியூர் அக்கா முடிவு பண்ணுவாங்க' என்று கோரஸாகக் குரல் வந்ததாம்.

கோடை விழாவுக்கு ஜவ்வாது மலை போகிற வாசகர்கள் பீமன் அருவியில் குளித்து, காவலூர் டெலஸ்கோப்பை வெளியே நின்று பார்த்து, சாமை அரிசி ஒரு கிலோ பேரம் பேசி வாங்கித் திரும்புவீர்கள். வருஷத்துக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, அங்கே கிராம சபையும் உண்டு. டிக்கெட் கிடையாது. பின்னால் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

போளூர் பஸ் ஹாரன் அடித்தது. ஏறுவதற்கு முன்னால் வாத்தியாரைக் கேட்டேன். "அந்த நோட்டுல கடைசி வரி எழுதின பொண்ணு... அவங்கம்மா அப்புறம் கிராம சபைக்குப் போனாங்களா?"

"போனாங்க. பொண்ணுதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு."

"பேசினாங்களா?"

"தண்ணி டேங்க் பத்தி ரெண்டு வார்த்தை. ஊர்க்கவுண்டர் சட்டுனு எழுந்து வெளியே போயிட்டாரு."

"அடப்பாவமே. அப்புறம்?"

"டீ குடிச்சிட்டு திரும்ப வந்து உட்கார்ந்தாரு சார். 'டேங்க்கு எந்தப் பக்கம் ஒழுகுது?'ன்னு கேட்டாரு."